பூ இல்லாமல் இறங்கிய மாடுகள்

தார் போடுகிற வேலையில் இருப்பவனுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாதிரி ஒரு நேரம் வேறு கிடையாது. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வெறும் தரையில் வைத்தால், உடம்பில் இருக்கிற சூடு மொத்தமும் அந்த வழியாக இறங்கிப் போகும். குளித்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மியூனிக் ஸ்டேஷனுக்குப் போவேன். கடைசிப் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் பூர்கி என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டிருப்பாள்.

விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நிற்பாள். ரயில் ஏறியதும் அவள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். நகரத்து வீடுகள் முடிந்து புல்வெளி தெரிய ஆரம்பித்த பிறகு எழுந்து வருவாள்.

"தள்ளு. இன்னைக்கு உம்மேல தார் நாத்தம் ஜாஸ்தி."

"குளிச்சுட்டுதானே வந்தேன்?"

"குளிச்சியா, தண்ணியக் காட்டினியா?"

அப்புறம் தோளில் சாய்ந்துகொள்வாள். அங்கேயிருந்துதான் எங்கள் வாரம் ஆரம்பிக்கும்.

பூர்கியின் புருஷன் அலோய்ஸும் நானும் ஒரே கும்பலில் வேலை பார்த்தோம். அவன் தார் விரிக்கிற வண்டியை ஓட்டுவான், நான் பின்னால் தாரை இழுத்துச் சமன் பண்ணுகிற வாரியோடு போய் ஓரங்களைச் சரி பண்ணுவேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே அவன் நெஞ்சு நின்றுவிட்டது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். அவள் வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று ஒருநாள் போனேன். குழாய் சரியான பிறகும் போனேன். அவளுடைய மகன் பெனே அதே வீட்டின் மாடியில் பெண்டாட்டியோடு இருக்கிறான். அப்பாவின் கோட்டை இன்னும் கொக்கியிலிருந்து எடுக்க விடவில்லை. அவனிடம் இதைச் சொல்ல பூர்கிக்கு வாய் வரவில்லை. அதனால் எங்களுக்கு மலைதான் கிடைத்தது.

மிட்டன்வால்ட், ஃபூசன், குஃப்ஸ்டைன், பிரெகென்ஸ், இன்ஸ்ப்ரூக் என்று ரயில் போகிற இடமெல்லாம் போனோம். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள். நான் ரோட்டைப் பார்ப்பேன், எங்கே மழைத் தண்ணீர் தேங்கும், எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று. பூர்கி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். எந்த விடுதிக்குப் போனாலும் முதலில் படுக்கை விரிப்பை உருவி, உதறி, அவளே மறுபடி விரித்தால்தான் படுப்பாள். ஃபூசனில் அறைக்கு வந்த வேலைக்காரப் பெண், தன்மேல் புகார் சொல்லப்போகிறோம் என்று அழுதேவிட்டாள். பூர்கி அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, மூலையை எப்படி மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வெளியே மழை. நான் ஜன்னலோரம் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை. இருந்தாலும் நாங்கள் போன ஊர்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஊர்தான்.

வசந்தத்தில், இன்ஸ்ப்ரூக் ஆற்றுப் பாலத்தின் மேல் வைத்துக் கேட்டேன்: "என் வீட்டுக்கு வந்துடேன்." பார்க்கலாம் என்றாள். கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன தடவை ஊர் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"பூர்கி, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னத் தெரியாதவனா இறங்கிப் போறது இனிமே என்னால ஆகாது."

அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"அடுத்த தடவை சொல்லிடறேன், காஸ்பர். சரின்னா சரி. இல்லன்னா இல்லதான். அப்புறம் நாம வர வேண்டாம்."

அந்த அடுத்த தடவைதான் இந்த செப்டம்பர் மாதத்துப் பயணம். ஆஸ்திரியாவின் திரோலில் ஹோஃப்ராய்ன் என்று ஒரு சின்ன ஊர், யென்பாகில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். மேலே மலையில் கோடை முழுக்க மேய்ந்த மாடுகள் கீழே இறங்குகிற சனிக்கிழமை. விடுதிக்காரி சென்ஸி எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. விரிப்ப நானே எடுத்துத் தனியா வெச்சுட்டேன், நீயே விரிச்சுக்க தாயி" என்று பூர்கியிடம் சொன்னாள். மூன்றாவது தடவை வருகிறோம், அவளுக்குப் பழகிவிட்டது.

பூர்கி சிரித்தாள். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது மாவுருண்டை சூப்பில் உருண்டையை வெட்டி வெட்டி நாலாக்கி, நாலையும் எட்டாக்கி, சாப்பிடாமல் வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

காலையில் கடைத்தெரு முழுக்கக் கூட்டம். வெளியூர்க்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள். பித்தளை வாத்தியக்காரர்கள் தொப்பியில் இறகு சொருகி நின்றார்கள். எனக்கு மட்டும் மூக்கில் வேறொரு வாசனை ஏறியது, புதுப் பெயிண்ட். தேவாலயத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஜீப்ரா கோடு போட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது.

"விருந்தாளிங்க வர்றாங்கன்னு ஊர்த் தலைவர் போடச் சொன்னார்" என்றாள் சென்ஸி. "சாப்பாட்டு மேஜைல விரிக்கிற துணிகூட இவ்ளோ வெள்ளையா இருக்காது."

மணிச் சத்தம் முதலில் காட்டுக்குள்ளிருந்து வந்தது. வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை வாயில் வைத்தார்கள். வளைவில் முதல் மாடு தெரிந்ததும் அவர்கள் குழலை இறக்கிவிட்டார்கள்.

மாட்டின் தலையில் பூ இல்லை. கொம்புக்கு நடுவே கிரீடம் இல்லை, ரிப்பன் இல்லை. கோடையில் எந்தச் சாவும் இல்லாமல் இருந்தால்தான் மாட்டுக்குப் பூ கட்டுவார்கள். முதல் மாட்டின் நெற்றியில் ஒரு கறுப்புத் துணி மட்டும் இருந்தது. முன்னால் ஒரு பொம்பளை கோலை ஊன்றி நடந்து வந்தாள். நாற்பது வயசு இருக்கும்.

"ரோசினா" என்று சென்ஸி மெதுவாகச் சொன்னாள். "புருஷன் மேல மேய்ச்சல் காட்டுலயே செத்துப் போயிட்டான். ஆகஸ்ட்ல. ஒரு கன்னுக்குட்டியத் தேடிப் போனான்."

உள்ளூர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வட ஜெர்மனிக்காரி ஒருத்தி புருஷனிடம், "பூவெல்லாம் எங்கே? படத்துல பூ இருந்துச்சே?" என்று முனகினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூர்கி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கண் அந்தக் கறுப்புத் துணியை விட்டு நகரவில்லை. போச்சு என்று நினைத்தேன். இந்த ஊருக்கு ஏன் கூட்டிவந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இதைப் பார்த்த பிறகு எவள் சரி என்று சொல்வாள்?

முதல் மாடு ஜீப்ரா கோட்டுக்கு வந்தது. வந்து நின்றது.

ரோசினா கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி, "வா லீஸல்" என்றாள். லீஸல் வரவில்லை. தலையைக் குனிந்து வெள்ளையை மோந்து பார்த்து ஓரடி பின்னால் வைத்தது. பின்னால் வந்த மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டன. தெரு முழுக்க மணி இரைந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கும் புரிந்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மேய்ச்சல் காட்டு வாசலில் பள்ளம் தோண்டி, மேலே இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள். வண்டி போகும். மாடு போகாது, கால் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று அதற்குத் தெரியும். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. மாட்டின் கண்ணுக்கு ஊர்த் தலைவர் நடுத்தெருவில் பள்ளம் வெட்டி வைத்திருந்தார்.

"பின்னாலேருந்து தள்ளுங்க!"

"நீ வந்து தள்ளு, உதை வாங்கு."

"சுத்திக் கூட்டிட்டுப் போகலாமே?"

"எங்க சுத்துவ? பாலத்துலதான் வேலை நடக்குதே!"

"மாட்டுக்கார ஊர்ல மாட்டுக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலி யாருப்பா?"

ஊர்த் தலைவர் புதுச் சட்டையில், பளபளக்கிற ஷூவில் முன்னால் வந்தார். "லீஸல், நல்ல புள்ளைல்ல" என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு அசையவில்லை. ரோசினா அதன் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவன் சொன்னாதான் கேப்பியா?" என்றாள். "அவன் இல்லடி. நான்தான் இருக்கேன். வாடி."

சென்ஸி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து லீஸல் வாலைத் தூக்கியது. மலைப் புல் தின்ற மாடு. தலைவர் கயிற்றை இழுத்து இழுத்து அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்ததால் எல்லாம் அவர் ஷூவிலேயே விழுந்தது. கொஞ்சம் பெயிண்டிலும் விழுந்தது.

முதலில் சிரித்தது ரோசினாதான். வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. கோலில் சாய்ந்து, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜனங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு தெருவே சிரித்தது, தலைவர் உட்பட.

"வைக்கோல்!" என்று பூர்கி கத்தினாள். என் கையை விட்டுவிட்டு சென்ஸியின் கொட்டகைக்கு ஓடினாள். நானும் ஓடினேன். இரண்டு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து கோட்டின்மேல் போட்டோம். யாரோ ஒரு வாரியை என் கையில் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருஷமாக நான் செய்கிற ஒரே வேலை அது. என் கைக்கு நினைக்கவே வேண்டாம்.

"காஸ்பர், அந்த ஓரம்! வெள்ளை தெரியுது பாரு."

"தெரியுது, தெரியுது."

"தார்னு நெனச்சு அமுக்காதய்யா, வைக்கோல் அது!"

லீஸல் மோந்தது. ஒரு வாய் தின்று பார்த்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போனது. பின்னால் எல்லாம் போயின, பூவில்லாமல், மணியடித்துக்கொண்டு.

மாடுகள் தொட்டியில் தண்ணீர் குடிக்கும்போது ரோசினா வந்து பூர்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் தலையிலும் வைக்கோல்.

"சிரிச்சுட்டேன், பார்த்தீங்கல்ல" என்றாள். "மாமியா ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தா. போகட்டும்."

"என் வீட்டுக்காரரும் போயிட்டாரு" என்றாள் பூர்கி. "நாலு வருஷம் ஆச்சு."

ரோசினா என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"இவரு?"

"இவரோட இங்க வருவேன். இங்க வந்தா சிரிப்பேன்."

"அப்போ வீட்ல?"

ரோசினா பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு மாடு தப்பான வாசலுக்குள் நுழைந்துவிட்டது, "ஏய், ஏய், அது பாதிரியார் வீடு!" என்று கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நாங்கள் விடுதிக்குப் பின்னால் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தோம். பூர்கி ரொம்ப நேரம் சட்டையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நீ எழுந்து போகாத" என்றாள். "இங்கயே இரு."

மகன் எடுத்ததும் அவள் குரல் மெல்லியதாகிவிட்டது.

"பெனே, அம்மாதான்... உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. திரோல்ல இருக்கேன்... இல்ல, உங்கிட்ட சொன்ன மாதிரி சலவைக்கூடத்துப் பொண்ணுங்களோட இல்ல. எப்பவுமே அவங்களோட வந்ததில்ல. காஸ்பரோட."

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஆமா, அப்பாவோட வேலை பார்த்தாரே, அவரேதான்... ரொம்ப நாளா... கேளுப்பா. நான் அவரு வீட்டுக்குப் போறேன். இந்த மாசமே. நீ என்னை அசிங்கமா நெனச்சாலும் சரி... பெனே?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"வெச்சுட்டான்."

அவள் முதுகைத் தடவினேன். கொஞ்சம் அழுதாள். சத்தமில்லாமல்தான் அழுதாள், ஆனால் பெஞ்சே லேசாக ஆடியது.

"நான் வேணா அவன்கிட்டப் பேசட்டுமா?"

"நீயா? நீ பேசினா இருக்கிறதும் போயிடும்." மூக்கைச் சிந்தினாள். "அவனுக்கும் நாள் வேணும்ல. எனக்கே எவ்ளோ நாளாச்சு. நாளைக்கு நேர்ல போய்ச் சொல்றேன். நீ கீழ தெருவுல நில்லு."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"நான் இறங்கி வர்ற வரைக்கும். பெட்டி கனமா இருக்கும்." என் கையிலிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டாள். "சரி, உன் அலமாரில எனக்கு எத்தனை தட்டு காலி பண்ணுவ?"

"எல்லாமே காலிதான். என் சட்டையெல்லாம் நாற்காலி மேலதானே கிடக்கு."

"எல்லாமா?"

"கொஞ்சம் கதவு மேலயும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பிடிப்பட்டவனுக்காகவா பெத்த புள்ளகிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்றாள். பிறகு எழுந்தாள். "வா, பசிக்குது. நேத்து அந்த உருண்டைய வீணாக்கிட்டேன்."