பின்சீட்டுக் குழாய்

எல்லா மோட்டார் சைக்கிள்களையும் போல ஆவுடையப்பனின் வண்டியிலும் மூன்று குழாய்கள் இருந்தன. தடித்தது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோவது. மெலிந்த இரண்டில் ஒன்று, டேங்க் நிரம்பி வழிந்தால் அதைத் தரையில் வடிப்பது. இன்னொன்று பின்சீட்டுக்கு அடியில் தொடங்கி, பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேசுவதையெல்லாம் வாங்கி சைலன்சர் வழியாக வெளியே விடுவது. பின்னாலிருந்து பேசுவது முன்னால் ஓட்டுபவருக்குக் கேட்காமல் போவது இதனால்தான். எந்த வீட்டில் பேச்சு அதிகம் என்பதைச் சிக்னலில் நிற்கும் வண்டியின் புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடையப்பன் டேங்கைக் கழற்றினார். உள்ளே துரு சேர்ந்து பெட்ரோல் அடைத்துக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மைத்துனன் பொன்னுலிங்கம், "கடைக்குக் கொண்டு வாங்க அத்தான்" என்றுதான் சொன்னான். ஒரு டேங்கைக் கழுவுவதற்குக் கடை எதற்கு என்று அவர் வாசலிலேயே சாக்கை விரித்துவிட்டார். கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டும்போது மெலிந்த குழாய்கள் இரண்டும் ஒரே கறுப்பாக, ஒரே பருமனாக இருந்தன. கழற்றுவதற்கு முன் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. கைக்கு எட்டியதை எட்டிய மூக்கில் சொருகி, கிளிப்பை அழுத்தினார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

திங்கட்கிழமை மனைவி சௌந்தரத்தை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டில் சௌந்தரம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அடுப்பு, துணி, குழம்புக்குப் புளி என்று ஏதாவது ஒன்று அவள் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். வண்டியில் ஏறிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியதும்தான் அவளுக்குப் பேச்சு வரும். அன்றும் வந்தது. ரயில்வே கேட் தாண்டும்வரை பேசினாள். ஆவுடையப்பன் வழக்கம்போல "ம்" என்றார்.

மார்க்கெட் வாசலில் இறங்கியவள் முகம் மலர்ந்திருந்தது.

"நீங்க இவ்வளவு லேசா ஒத்துக்குவீங்கன்னு நினைக்கல. அப்ப வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடுதேன்" என்றாள்.

"சொல்லு" என்றார் அவர்.

யாரை என்று கேட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் இப்படி ஒரு "ம்" சொல்லி, அதன் பலனாக அவளுடைய பெரியப்பாவின் எருமை அவர்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு மாதம் தங்கியிருந்தது. எருமை போன அன்று சௌந்தரம் சொன்னாள். "இன்னொரு தரம் காதுல வாங்காம ம் கொட்டினீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் உங்க வண்டியில ஏற மாட்டேன். நடந்தே போயிருவேன்."

ஏறாவிட்டால் பேச்சும் கிடையாது. அதை அவள் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து ஏணி வந்தது. ஓர் ஆள் ஏறி மாடி அறையின் தகரக் கூரையில் இரண்டு தகடுகளைக் கழற்றினார். ஆவுடையப்பனின் கேரம் போர்டு கீழே இறங்கி, கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது. பிறகு நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் மேலே ஏறின.

"வெள்ளிக்கிழமைக்கு இது போதும்ல?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"தாராளமாப் போதும்" என்றார்.

புதன்கிழமை வண்டி மேம்பாலத்தில் ஏறமாட்டாமல் முக்கியது. ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டிப்போனார். பொன்னுலிங்கம் குனிந்து பார்த்தான். மோந்தும் பார்த்தான்.

"யாரு அத்தான் மாட்டினது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். பேச்சுக் குழாயை டேங்க்ல சொருகி வச்சிருக்கீங்க. அக்கா பேசினதெல்லாம் பெட்ரோலோட கிடக்கு. பேச்சு லேசு, மேல மிதக்கும். கனமான சொல்லு மட்டும் அடியில இறங்கி ஃபில்டர்ல மாட்டும். அதான் முக்குது."

"திங்கட்கிழமை பேசினது இருக்குமா?"

"இருக்கும். ஏன்?"

"சும்மாத்தான்."

பொன்னுலிங்கம் அவரை ஒரு பார்வை பார்த்தான். "ம் கொட்டிட்டீங்களா?"

பொன்னுலிங்கம் ஃபில்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கெட் எடுத்துவர உள்ளே போனான். ஆவுடையப்பனுக்குக் கையில் ஒரு ஃபில்டர் கிடைத்தால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். உள்ளே சிக்கியிருந்த சொல் ஈரமாக வெளியே தெறித்து, மதில் சுவரைத் தாண்டி, பரோட்டா கடைப் பக்கம் போய்விட்டது.

"என்ன அத்தான் பண்ணுனீங்க?" என்றான் திரும்பிவந்த பொன்னுலிங்கம்.

"ஊதினேன்."

"நல்லா ஊதுனீங்க."

பக்கெட்டில் முதலில் பெட்ரோல் இறங்கியது. பின்னாலேயே சௌந்தரத்தின் குரல் இறங்கியது. தக்காளி அழுகல் என்றது. முழங்கால் வலி இப்போது இடதுபக்கம் வந்துவிட்டது என்றது. நீங்கள் நீலச் சட்டை போட்டால் இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்துப் போட்டால் என்ன என்றது. ஆவுடையப்பன் பக்கெட்டின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தார். கடைசியாக, "பாவம், இருந்த இடத்தையும் பிடுங்கிட்டாங்க. போக்கிடம் இல்ல. நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, அங்க" என்று சொல்லி, ஒரு சொல் இருக்கவேண்டிய இடத்தில் காலியாக நின்று, "வந்து இருந்துக்கிடட்டுமா?" என்று முடிந்தது.

"யாருன்னு மட்டும்தான் போயிருச்சு" என்றான் பொன்னுலிங்கம். "மத்தபடி எல்லாம் இருக்கு."

வியாழக்கிழமை ஆவுடையப்பன் தானாகவே மாடி அறையைக் கூட்டினார். வருகிறவர் யாராயிருந்தாலும் படுக்கவேண்டும் என்று, பரணிலிருந்த மடக்குக் கட்டிலை இறக்கிக் கொண்டுபோய் விரித்தார். தலையணைக்கு உறை மாற்றினார். சொம்பில் தண்ணீர் வைத்தார். சௌந்தரம் படியேறி வந்து பார்த்தாள்.

"கட்டில் எதுக்கு?"

"படுக்கத்தான்."

"மழை கட்டில்ல படுக்குமா?"

அவர் தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மழைக்குச் சொம்புல தண்ணி வேற" என்றாள் சௌந்தரம். சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தே போனாள். ஆவுடையப்பன் வண்டியை மெதுவாகப் பின்னாலேயே ஓட்டிப்போனார். அவள் திரும்பவில்லை. பின்சீட்டில் ஆள் இல்லாத வண்டியின் புகை, கழுவிய கண்ணாடிபோல இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் சாக்கை விரித்தார். இந்தமுறை கழற்றுவதற்கு முன்பே பேச்சுக் குழாயில் சிவப்பு நூல் கட்டினார். வழியும் குழாயை டேங்கின் சிறிய மூக்கில் சொருகி, கிளிப்பை அழுத்தி, இழுத்துப் பார்த்தார். பெட்ரோல் குழாயில் ஃபில்டரின் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கும்படி வைத்தார். ஊதவில்லை. சிவப்பு நூல் கட்டிய குழாயை மட்டும் சைலன்சருக்குக் கொண்டுபோகாமல், ஒரு துண்டு சேர்த்து நீட்டி, தன் ஹெல்மெட்டின் இடது காதுக்குள் விட்டு ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை வந்தது. சிறிய தகரப் பெட்டி ஒன்று வைத்திருந்தது. அது குடியிருந்த குளத்தை மூடிப் பஸ் ஸ்டாண்ட் கட்டிவிட்டார்களாம். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, தகடுகள் கழற்றிய இடைவெளி வழியாக ஏறி இறங்கிப் பார்த்தது. வசதியாக இருப்பதாகச் சொன்னது. மீதிச் சாமான் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறது என்றது.

சௌந்தரம் சுவரைப் பார்த்து, "யாராவது கூட்டிட்டுப் போனா நல்லது" என்றாள்.

ஆவுடையப்பன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, மழையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். முதுகு நனைந்தது. இரண்டு மூட்டைகளை ஏற்றித் திரும்பி வருகையில், ரயில்வே கேட் தாண்டும் இடத்தில் மழை ஏதோ சொன்னது. அவர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, கொஞ்சம் யோசித்து, "ம்" என்றார்.

வாசலில் சௌந்தரம் நின்றுகொண்டிருந்தாள். மழை மூட்டைகளோடு மாடிக்குப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"வர்ற வழியில மழை சொல்லுச்சு" என்றார். "அதோட அக்காவுக்கு இடுப்பு வலியாம். ஆடி மாசம் ஒரு வாரம் இங்க வந்து தங்கி, நம்மூர் எண்ணெய் வைத்தியரைப் பார்க்கணுமாம். உப்பு போடாம சமைச்சா போதுமாம், அவளுக்கு ஏற்கெனவே அதிகமாம். கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டுச்சு. நான் ம்னு சொன்னேன்."

"அக்கான்னா?"

"கடல்."

சௌந்தரம் அவரையும், ஹெல்மெட்டிலிருந்து இறங்கி பின்சீட்டுக்கு அடியில் போகும் சிவப்பு நூல் கட்டிய குழாயையும் பார்த்தாள். உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எடுங்க, மார்க்கெட்டுக்கு. நாலு நாளா பேசாம வச்சது நிறைய இருக்கு" என்றாள். பிறகு வாசல் கேட்டைப் பார்த்தாள். "அதுக்கு முன்னால இதை ஒரு அளவு எடுத்துருங்க."

ஆவுடையப்பன் இறங்கி அளவு நாடாவைக் கொண்டுவந்து அளந்தார். கடலுக்கு ஒரு சாண் போதவில்லை. ஸ்பேனரை எடுத்து இடதுபக்கக் கதவின் கீலில் வைத்தார். பிறகு ஞாபகம் வந்து, கழற்றுவதற்கு முன் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டினார்.