‘வரேன்’ என்று முடிந்த பதினொரு அட்டைகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, ஒட்டுக்கேட்டது. ஒரு மதியம் என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒன்று கழன்று விழுந்துவிட, பக்கத்துத் தெருக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணாடியை வாங்கிக்கொண்டு என்னை உட்காரச் சொன்னாள். அது இல்லாவிட்டால் எனக்கு எல்லாரும் தண்ணீரில் கரைந்த சாயம் போலத்தான் தெரிவார்கள். தெரியாதவர்கள் முன்னால் பேசுகிறோம் என்பதை அவர்களும் சீக்கிரமே மறந்துவிட்டார்கள். சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஆகவே இதில் வரும் முகங்கள் என் கற்பனை. பேச்சு நிஜம். (பெரும்பாலும்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், தபால்காரர்—

(மழையும் இல்லை, மாலையும் இல்லை. நல்ல வெயில். எழுத உட்கார்ந்தாலே கை ஏன்தான் மழையைக் கூப்பிடுகிறதோ.)

உலகமே ஒரு சிறிய அட்டைக்குள் அடங்கிவிடும் என்று அவள் நம்பினாள், ஏனென்றால்—

(இப்படியெல்லாம் யாரும் நம்புவதில்லை. கதைகளில் வருகிறவர்கள்தான் நம்புவார்கள்.)

திருகாணிக்கு வேலை கண்ணாடிக் கடையில்.

(இது இருக்கட்டும்.)

3

திருகாணிக்கு வேலை கண்ணாடிக் கடையில். கழன்ற கால்களைப் பூட்டுவாள், கோணிய சட்டத்தைச் சூடு காட்டி நிமிர்த்துவாள், மூக்கில் பதியும் ரப்பரை மாற்றுவாள். அரிசியைவிடச் சின்னத் திருகுகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவதால் அந்தப் பட்டப்பெயர். வைத்தவள் அவளுடைய அண்ணி. அதே கடையில் ரசீது எழுதுகிறவள். திருகாணிக்கு வயது முப்பத்துநான்கு இருக்கும். (குரலை வைத்துச் சொல்கிறேன்.)

முகமறியாதவர்கள் ஒருவருக்கொருவர் பட அஞ்சலட்டை அனுப்பிக்கொள்ளும் குழு ஒன்றில் அவள் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கணினி ஒரு முகவரி கொடுக்கும். அட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால், வேறு எங்கிருந்தோ வேறு யாரோ இவளுக்கு ஒன்று அனுப்புவார்கள். ஒருவருக்கு ஒரு முறைதான். அத்தோடு உறவு முடிந்தது. கண்ணாடிச் சட்டங்கள் வந்திறங்கும் அட்டைப்பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்த்திருந்தாள். மலை, கோட்டை, அருவி எல்லாம் அடியில் கிடந்தன. ஒற்றை உருளைக்கிழங்கு படம் போட்டதும், ஒரு பேருந்து நிலையக் கழிப்பறையும், தலைகீழாக அச்சான மாடும் மேலே மரியாதையாக இருந்தன.

“உலகம் பூரா ஆள் தெரியும் இவளுக்கு” என்றாள் அண்ணி. “எதிர்வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டா முழிப்பா.”

“எதிர்வீட்டுக்காரங்க அட்டை போட மாட்டேங்கறாங்களே, அண்ணி.”

4

அந்த ஒரு முறை விதியை மீறியவள் ஒருத்திதான். ஏதோ ஒரு தீவின் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள். சீட்டுக்காரி என்று வைத்துக்கொள்வோம். தன் முதல் அட்டையிலேயே அவள் ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்: “பதில் போடுங்கள். உங்கள் மொழியில் எப்படி விடைபெறுவீர்களோ, அதை உங்கள் எழுத்தில் கடைசியில் எழுதுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்க ஆசை.”

திருகாணி யோசிக்கவே இல்லை. கடையைவிட்டுக் கிளம்பும்போது தினமும் சொல்வதை எழுதினாள்: வரேன்.

(நாம் கிளம்பும்போது ‘வரேன்’ என்போம். ‘போறேன்’ என்றால் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அர்த்தம். வாசல் தாண்டுகிறவர் வாயில் எப்படி வருகை வந்து உட்கார்ந்ததோ, நான் ஆராய்ச்சிக்காரி இல்லை.)

அதிலிருந்து அட்டைகள் போவதும் வருவதுமாக இருந்தன. திருகாணி பதினொன்று எழுதினாள். பதினொன்றும் அப்படியே முடிந்தன.

நான் கடையில் உட்கார்ந்திருந்த அன்று காலையில்தான் சீட்டுக்காரியின் புது அட்டை வந்திருந்தது. திருகாணி அதை அண்ணிக்குத் தமிழாக்கிப் படித்தாள்.

“படகில் வந்த ஒருவர் உங்கள் கடைசிச் சொல்லைக் கைப்பேசியில் காட்டி அர்த்தம் கண்டுபிடித்தார். பதினொரு முறை ‘நான் வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு முறைகூட ‘வாருங்கள்’ என்று சொல்லவில்லை. மன்னியுங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். தினம் நான்கு படகுகள் வருகின்றன. உங்கள் முகம் தெரியாததால் இறங்குகிற பெண்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைக்கிறேன். எந்தப் படகு?”

5

“சரியாப் போச்சு” என்றாள் அண்ணி. “எங்க ஊர்ல வரேன்னா போறேன்னு அர்த்தம்னு எழுதிப் போடு.”

“எப்படி அண்ணி எழுதறது? ரூமைச் சுத்தம் பண்ணிட்டாங்க.”

“சுத்தமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“பதினோரு தடவை ஆசை காட்டிட்டு, ஒண்ணுமில்ல, பேச்சுவாக்குல சொன்னதுன்னா?”

“அப்ப கிளம்பு. உங்கண்ணன் ரயிலேத்தி விடுவாரு. லீவு நான் வாங்கித் தரேன்.”

மேசைமேல் ஏதோ சின்னதாக உருண்டது. என் திருகாகத்தான் இருக்க வேண்டும்.

“அட்டையில நான் வேற மாதிரி, அண்ணி.”

“வேற மாதிரின்னா?”

“வாயாடி.”

அண்ணி சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிகள் அதிர்ந்தன. “நீயா? வர்றவங்ககிட்ட ‘காது வலிக்குதா’ன்னு கேக்கவே மூணு தடவை தொண்டையைச் செருமுறவளா?”

“அதான் சொல்றேன். அவங்க எதிர்பார்க்கிற ஆளு நான் இல்ல. நேர்ல போனா அட்டையில இருக்கிற அந்த வாயாடி போயிடுவா. போகலைன்னா இவங்க நட்பு போயிடும்.”

(இவ்வளவு கோர்வையாகச் சொன்னாளா? ‘பயமா இருக்கு’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். என் கூச்சத்தை அவள் தலையில் கட்டுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனால் ‘வாயாடி’ அவள் சொன்னது. சத்தியம்.)

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் போகிறாள். படகு கரையை நெருங்கியது. துறையில் நின்றிருந்த சீட்டுக்காரி—

(நிறுத்திவிட்டேன். அவள் முகம் என்னிடம் இல்லை. தவிர, நானே படகில் ஏறியதில்லை. எந்தப் பக்கம் இறங்குவார்கள்?)

அவள் உண்மையை எழுதிவிடுகிறாள். பதில் வருகிறது: “அப்படியானால் அடுத்த முறை ‘போகிறேன்’ என்று எழுதுங்கள். வருவீர்கள் அல்லவா?”

(இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பிறகு வெட்கமாகிவிட்டது. இது என் சாமர்த்தியம், சீட்டுக்காரியுடையது அல்ல. மாடி அறையைக் கூட்டிப் பெருக்கியவள் இப்படியெல்லாம் மடக்கிப் பேசுவாளா?)

அவள் ஒன்றும் எழுதவில்லை. வருடங்கள்—

(இதை நான் எழுத மாட்டேன். அங்கே ஒருத்தி முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.)

7

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

திருகாணி என் கண்ணாடியைப் பூட்டிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டதும் முதலில் தெரிந்தது மேசைமேல் இருந்த பன்னிரண்டாவது அட்டைதான். தபால்தலை ஒட்டி, முகவரி எழுதி, நலம் விசாரித்து, கடைசி வரி மட்டும் காலி. முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க” என்றாள் அண்ணி. “நீங்களே சொல்லுங்க, இவ என்ன எழுதட்டும்?”

காது வரைக்கும் சூடேறிவிட்டது எனக்கு. எழுந்து பையை எடுத்தேன். அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. வாயில் வந்தது ஒரே சொல்.

“வரேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் விடைபெற்றேன், அவர்கள் காதில் அது பதிலாக விழுந்திருக்கும். திருத்தலாம். திரும்பிப் போய், ‘ஐயோ, நான் கிளம்பறேன்னு சொன்னேங்க’ என்று ஒரு வார்த்தை. எனக்கா வரும்?

வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். உள்ளே பேனா ஓடும் சத்தம் கேட்டது. மூன்று எழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. செருப்பு இரண்டும் மாட்டி முடிந்து, வாரைக் கழற்றி மறுபடி மாட்டிய பிறகும் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணி வாங்கிப் படித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அண்ணி சிரிக்கவில்லை.

“இத முதல்லயே எழுதியிருக்கலாம்ல?” என்றாள்.

‘இது’ எது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்பதாக இருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்? அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். அவள் பயந்தவள், ஆனால் அட்டையில் வாயாடி. படிக்கப்போகிறவள் நான்கு படகுக்கும் காத்து நிற்கிறவள். இவ்வளவும் மனதில் இருக்கட்டும். அட்டை சின்னது, வலப்பக்கம் முகவரிக்கு. உங்களுக்கு இடப்பக்கத்தில் அடியில் இரண்டு விரல்கடை இடம் இருக்கிறது.