நீல மூடி

பீட்ரூட் அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. மஞ்சளும் கேட்டது. கீரைச் சாறு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. முட்டைக்கோஸ்தான் மசியவில்லை.

ஊதா நிற முட்டைக்கோஸ். அதை நறுக்கி வேகவைத்து, வடிகட்டி, இரண்டு கரண்டியாகும்வரை சுண்டவைத்தால் ஈஸ்டர் மிட்டாய்க்கு நீலச் சாயம் கிடைக்கும் என்று அவன் நம்பினான். போன ஈஸ்டருக்கு மனைவி அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அவன் சமையலறை வாசலில் நின்று, "வீடு முழுக்க நாறுது" என்று மூக்கைப் பிடித்துவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த செய்முறை அவ்வளவுதான். அடுத்த ஈஸ்டருக்கு அவள் இருக்க மாட்டாள் என்று தெரிந்திருந்தால் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றிருப்பான். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

மற்றதெல்லாம் சுலபம்தான். பொடித்த சர்க்கரை, சோளமாவு, கெட்டித் தேங்காய்ப்பால். சாறு விட்டுப் பிசைந்து, கட்டைவிரல் அளவு முட்டைகளாக உருட்டி, தட்டில் காயவைக்க வேண்டும். மாட்டுப்பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது. மகளுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைப் புரட்டுகிற ஆகாது இல்லை. உதடு வீங்கி மூச்சு அடைக்கிற ஆகாது. கடைச் சாயம் வேண்டாம் என்பது மனைவியின் பிடிவாதம். அதையும் சேர்த்தே அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவள் பெயர் பட்டாணி. எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் வரவில்லை. முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு, ஏறி நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினாற்போல வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் காத்திருந்தாள்.

"சூடுடா. தள்ளிப் போ."

"நான் போடணும்."

"ஒண்ணும் போட வேணாம். போய் டிவி பாரு."

சாற்றை மாவில் விட்டுப் பிசைந்தான். நனைந்த சிமெண்ட் நிறத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டான். சிமெண்ட் அடர்ந்தது.

"நீலம் எங்கப்பா?"

"நீலம் வரலடா."

"வரும்."

"வரலைன்னா வரல. பிங்க் இருக்கு, மஞ்சள் இருக்கு, பச்சை இருக்கு. மகாராணிக்கு இது போதாதா?"

பட்டாணி தன் விரல்களைப் பார்த்தாள். மெல்லப் பிரித்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

இதற்குள் அக்காவோடு இரண்டு தடவை போனில் பேசியாகிவிட்டது. முதல் தடவை, வீட்டில் சோளமாவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவன்தான் அவளிடம் கேட்டிருந்தான். அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். "ஊரான் கண்ணுக்கெல்லாம் நம்பர் சொல்ற. கண்ணு முன்னாடி இருக்கிற டப்பா தெரியலையா?" என்று சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.

"எத்தனை பிள்ளைங்களுக்குடா நீ தனியாளா உருட்டுவ? பட்டாணிக்கு மட்டும் செய். மத்ததுங்க கடை மிட்டாயே தின்னட்டும். அவ இருந்தப்போ எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சா, சரி. இப்ப உன்னை யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் அவனுக்கு வசதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. மனைவி பட்டாணிக்கென்று தனியாக எதையும் செய்ததில்லை. அவள் தின்னக்கூடியதையே எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வாள். தனித் தட்டு வைத்தால் பிள்ளை மனசும் தனியாப் போயிடும் என்பாள். அவன் சிமெண்ட் மாவைக் குப்பையில் கொட்டினான். கடைக்குப் போய் ஒரு பெரிய பை வாங்கினான். பால் சாக்லேட்டின்மேல் வழவழப்பான சர்க்கரை ஓடு போட்ட குட்டி முட்டைகள். பிங்க், மஞ்சள், பச்சை, நீலம். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்.

வீட்டுக்கு வருவதற்குள் பை ஓரத்தில் கிழிந்துவிட்டது. பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தான். நீல மூடி போட்டது பெரியது. கடை முட்டைகள் அதில்தான் அடங்கின. மஞ்சள் மூடி போட்டது சின்னது. தான் செய்தவற்றை அதில் வைத்தான். எந்தெந்த மூடி எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாடு மஞ்சள் மூடியோடு போன நாட்களில் தொடாமல் திரும்பி வந்தபோதும் யோசிக்கவில்லை. "கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு" என்று திட்டியிருந்தான். அவள் மறுநாளும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

ஈஸ்டர் அன்று கோயில் முடிந்து எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பத்து வயதுப் பெண், நெட்டை என்று கூப்பிடுவார்கள். கீழே இரண்டு வாண்டுகள். அத்தான் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சரிந்து, அவனிடம் தன் கண்ணைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கிட்டத்துல இருக்கிறது எதுவும் தெரிய மாட்டேங்குது."

"வயசானா அப்படித்தான் அத்தான். கடைக்கு வாங்க."

"உங்க அக்காவும் கிட்டத்துலதான் இருக்கா. அவ தெரியாம இருக்கிற வரைக்கும் நல்லதுதானேன்னு பாக்கிறேன்."

உள்ளேயிருந்து அக்கா, "காது எனக்கு நல்லாக் கேக்குது" என்றாள்.

அவன் எழுந்து டப்பாக்களைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பட்டாணியோடது தனி டப்பாவில இருக்கு. மாத்திக் குடுத்துடாதக்கா."

"தெரியும்டா. எனக்குச் சொல்லித் தரணுமா?"

எது என்று அவன் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. ஈரக்கையைத் துடைக்காமலே அக்கா, "நெட்டை, இதை எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுக் குடு, பட்டாணியோடதை அவகிட்டயே குடுத்துடு" என்றாள். அவன் திரும்பிப் போய் அத்தானின் கண் குறைகளைத் தொடர்ந்து கேட்டான். உள்ளறையிலிருந்து வாண்டுகளின் குரல் வந்தது. "இது என்ன, மஞ்சத்தூள் மாதிரி இருக்கு." "எனக்கு அந்த வழவழ வேணும்." "அது உனக்கு இல்ல, பேசாம தின்னு" என்று நெட்டை அதட்டினாள். அவன் காதில் எல்லாம் விழுந்தது. மனத்தில் எதுவும் ஏறவில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு அவனுக்கு எல்லாமே அப்படித்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல.

பட்டாணி ஓடி வந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

"அப்பா, நீ பொய் சொன்ன. நீலம் வந்துச்சு."

உதடு முழுக்க நீலம். கையிலும் நீலம்.

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. அடுத்த நொடி தோள்பைக்குக் கை நீட்டினான். தொடையில் குத்துகிற ஊசி அவன் தோள்பையில் எப்போதும் இருக்கும். அந்த ஒன்றில் மட்டும் அவன் தவறியதில்லை. பையை எடுத்து ஊசியை உருவுவதற்குள் அவள் மேலுதடு தடித்துவிட்டது. "வாய் அரிக்குதுப்பா" என்றாள். பிறகு இருமினாள். அவளை மடியில் கிடத்தித் தொடையில் குத்திப் பிடித்தான். அத்தான் கண் குறையையெல்லாம் மறந்து கார் சாவியோடு வாசலில் நின்றார். வழியெல்லாம் அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு மருந்து ஏற்றினார்கள். மூச்சு சீரானது. "ஊசியை உடனே போட்டது நல்லதாப் போச்சு. ராத்திரி இங்கயே இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். "நல்ல அப்பா" என்று நர்ஸ் அவன் தோளைத் தட்டினாள். அவன் தோளை இழுத்துக்கொண்டான்.

மாலையில் அக்கா நெட்டையோடு வந்தாள். நெட்டைக்கு அழுதழுது கண் சிவந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"நான்தான் குடுத்தேன் மாமா. நீல மூடி பட்டாணியோடதுன்னு அத்தை எனக்குச் சொல்லியிருக்காங்க. யாரு கேட்டாலும் அதிலேர்ந்து எடுக்கக் கூடாது, அவளுக்கு மட்டும்தான்னு. தம்பிங்க கேட்டாங்க. நான் குடுக்கல. நான்கூட ஒண்ணும் தின்னல மாமா."

அக்கா சொன்னாள். "நீல மூடின்னா பால் இல்லாததுடா. பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவ வச்ச அடையாளம். நீலம்னா கண்ணை மூடிக்கிட்டு தின்னலாம்னு பழக்கி வச்சிருந்தா. எனக்கே அது தெரியும்." அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியாதா?"

அவன் வீட்டுச் சமையலறை அவன் கண்முன் வந்தது. நீலக் கரண்டி. நீலக் கிண்ணம். பாத்திரம் தேய்க்கிற பஞ்சில்கூட ஒன்று நீலம், தனியாக ஓரத்தில். தோள்பைக்குள் ஊசி வைத்திருந்த சின்னப் பையும் நீலம். மனைவிக்கு நீலம் பிடிக்கும் என்று நினைத்து அவள் பிறந்தநாளுக்கு நீலத்தில் ஒரு சால்வை வாங்கிக் கொடுத்திருந்தான். அதைப் போர்த்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இனிமே என்னையும் பட்டாணி தின்னுடப் போறா" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. கடைக்கு நேரமாகியிருந்தது.

"நீ செஞ்சது சரிதான்மா" என்றான் நெட்டையிடம். "அத்தை சொன்னபடிதான் செஞ்சிருக்க. டப்பாவை மாத்தினது நான்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார்கள். பட்டாணி சாப்பாட்டு மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். அவன் கஞ்சி காய்ச்சி நீலக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தான். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், தொடவில்லை.

"அப்பா, அம்மா பொய் சொன்னாங்களா?"

அவன் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தான். கடை நீலம் வேறு, வீட்டு நீலம் வேறு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். அந்தக் கண்ணுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

"இல்ல. அம்மா சொன்னது சரி. அப்பாவுக்குத்தான் அது தெரியாது. தெரியாம கடை மிட்டாயை உன் டப்பாவில போட்டுட்டேன்."

"ஏன் தெரியாது?"

அவன் கஞ்சியைக் கிளறினான்.

"நீயும் நம்ம வீட்டுலதான இருந்த?"

"இருந்தேன்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அது பெரிய புதிராக இருந்ததுபோலத் தெரிந்தது.

"இனிமே நீலமா இருந்தாலும் அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத் தின்னணும். சரியா?"

"உன்கிட்ட கேட்டா உனக்குத் தெரியுமா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தெரிஞ்சுக்கிறேன்" என்றான்.

ஃப்ரிட்ஜில் பாதி முட்டைக்கோஸ் மிச்சம் இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தான். முக்காலியைத் தானே இழுத்துப் போட்டான்.

"அன்னிக்கு ஏதோ போடணும்னு சொன்னியே. என்னது அது?"

பட்டாணி உடனே எழுந்து வரவில்லை. அவன் நறுக்கினான், வேகவைத்தான், வடிகட்டினான். வீடு நாறியது. அவன் மூக்கைப் பிடிக்கவில்லை. சாறு சுண்டி அடுப்பை அணைத்தபோது, முக்காலியில் அவள் ஏறி நிற்கிற சத்தம் கேட்டது.

"அந்த வெள்ளைப் பொடி" என்று அலமாரியைக் காட்டினாள். "அது இல்ல. அதுவும் இல்ல. உனக்கு ஒண்ணும் தெரியலப்பா. அது."

சமையல் சோடா. அவன் டப்பாவைத் திறந்து நீட்டினான். அவள் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, சாற்றின்மேல் தூவினாள். சாறு லேசாக நுரைத்தது. ஊதா ஓரத்திலிருந்து மாற ஆரம்பித்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் முழுக்க நீலமாயிற்று. கடை நீலம்போலப் பளீரென்று இல்லை. சால்வையின் நீலம்.

"போதும். இன்னும் போட்டா பச்சையாயிடும், சோப்பு மாதிரி இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க."

"எப்பவும் நீதான் போடுவியா?"

"நான்தான."

சர்க்கரையும் மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்தார்கள். தேங்காய்ப்பால் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று அவன் சத்தமாகப் படித்துக் காட்டினான். இதெல்லாம் எதற்கு என்பதுபோல அவள் பார்த்தாள், ஆனால் முழுக்கக் கேட்டாள். ஒரு முட்டை உருட்டினாள். ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"நீ தின்னு முதல்ல."

"உனக்குத்தான்டா செஞ்சது."

"நீ தின்னு."

அவன் வாயில் போட்டுக்கொண்டான். மழைக்காலத்துக்குப் பிறகு எதற்கும் ருசி இருந்ததில்லை. இது இனித்தது. இனித்ததற்காக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாயிருக்கு."

அவள் முக்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தை அவன் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, அவன் உதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டைப் பார்த்தாள், கீழுதட்டைப் பார்த்தாள். காரில் அவன் பார்த்ததுபோலவே பார்த்தாள். அவன் அசையாமல், அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தான்.