யார் பற்ற வைத்த நெருப்பு

மதியச் சாப்பாட்டின்போது கொழுந்தன் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தான். காலையில் கரண்ட் போனதாம். ஓவனில் பொட்டு நெருப்பு இல்லாமல் மொத்தமும் அணைந்துவிட்டதாம். மாவு பெல்ட்டில் காய்கிறது, நெருப்பு ஐயாவோ மேலே குடோனில் இருக்கிறார். "நானே பத்த வச்சிட்டேன் அண்ணி. நான் பத்த வச்சா பிஸ்கட் வேக மாட்டேன்னு சொல்லிடுமா?" என்றான். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

எங்கள் கம்பெனி பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஹலால் என் பொறுப்பு. எந்தக் கொழுப்பு, எந்த எசென்ஸ், அதில் சாராயம் கலந்திருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோஷர், அதாவது யூதர்களின் உணவு விதி, நெருப்பு ஐயாவின் பொறுப்பு. அவர் யூதர், அந்தப் பதவிக்கு மஷ்கியாக் என்று பெயர். அது எங்கள் யார் வாயிலும் நுழையாததால் அவர் நெருப்பு ஐயா ஆகிவிட்டார். அவருடைய ஆட்களில் கட்டுப்பாடானவர்களுக்குப் போகிற பிஸ்கட் என்றால் ஓவனை ஒரு யூதரின் கைதான் பற்ற வைக்க வேண்டும். நடுவில் அணைந்தால் வேலையை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேரும் அன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுகிற விதி அது. மீறினால் வேலை போகும்.

இன்றைய லோடு அவர்களுடைய பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு. லாரி பின்வாசலில் வந்து நின்றுவிட்டது.

கொழுந்தனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். நானே போய்ச் சொன்னால் கொழுந்தன் வயிற்றில் அடித்தவள் என்று மாமியார் என் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். அவர் சொல்வதிலும் தப்பிருக்காது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஹலாலுக்கு ஒண்ணும் குறையலயே? அப்புறம் உனக்கென்ன?" என்றார்.

உண்மைதான். ஹராமான பொருள் ஒரு துளி அதில் கிடையாது. சுத்தமான, நல்ல பண்டம். தய்யிப் என்று நான் கையெழுத்துப் போட்டு என் பிள்ளைகளுக்கே கொடுப்பேன். அப்புறம் எனக்கென்ன? சோதனை அறையில் கழுவி வைத்திருந்த குடுவைகளை எடுத்து மறுபடி கழுவினேன். ஜன்னல் பக்கம் போனேன், லாரியைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். உட்கார்ந்தால் நாற்காலி முள்ளாகக் குத்தியது.

போன வருடம் புது எசென்ஸ் ஒரு டிரம் வந்தது. காகிதமெல்லாம் சரியாக இருந்ததால் நானே விட்டுவிட்டேன். ஐயாதான் மாடியேறி வந்து, "இதுல சாராயம் இருக்கும்போல. எங்களுக்குப் பரவாயில்ல. உங்களுக்கு ஆகாதே" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அன்று டீ குடிக்கும்போது அவர்களிடம் ஒரு சொல் உண்டு என்றார். கெனேவத் தாஅத். மனதைத் திருடுவது என்று அர்த்தமாம். பொருளே கைமாறாவிட்டாலும், ஒருவரை ஒன்றை நினைக்க வைத்து இன்னொன்றைக் கொடுத்தால் அது திருட்டுதானாம். நாங்கள் அதை அமானிதம் என்கிற பக்கத்திலிருந்து சொல்வோம் என்றேன், நம்பி ஒப்படைத்ததைக் காப்பது. பெரிய ஞானி மாதிரி சொன்னேன். டீ ஆறாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

ஓவன் பக்கம் போனேன். கொழுந்தன் பெல்ட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கல்யாணம் முடியட்டும் அண்ணி என்றான், பிஸ்கட் பிஸ்கட்தானே என்றான், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான். நான் மாடியேறிப் போய் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். இருவரும் இறங்கி வந்தோம்.

ஐயா கோபப்படவில்லை. ஓவன் கதவருகே குனிந்து பார்த்துவிட்டுக் கொழுந்தனிடம் திரும்பினார்.

"பெரிய பர்னர் அணைஞ்சாலும் உள்ள சின்னதா ஒரு பைலட் எரியும். அது காலைல நான் பத்த வச்சது. நீ அதுலேர்ந்து பத்த வச்சிருந்தா ஒரு தப்பும் இல்ல தம்பி, லோடு போகலாம். அது எரிஞ்சுட்டு இருந்துச்சா?"

என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு 'ஆமா' போதும், கல்யாணம், வேலை, மாமியார் வாய் எல்லாம் அதில் அடங்கிவிடும். சொல்லிவிடேன்டா என்று என் மனம் கெஞ்சியது. மாடியேறிப் போய்ச் சொன்ன அதே மனம்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கெஞ்சியது.

"இல்லீங்க ஐயா," என்றான் கொழுந்தன். "அதுவும் அணைஞ்சுதான் இருந்துச்சு."

ஐயா கையை நீட்டி ஓவனை அணைத்தார். பெல்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. ஓவனின் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, வேகாத வெள்ளை வட்டங்கள் வரிசை வரிசையாகக் காத்துக் கிடந்தன.