பதினேழாம் பதிவின் நேர்க்கோடு

அலுவலகத்தில் அவனுக்கு ஊர்சுத்தி என்றுதான் பெயர். கட்டிய மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, எங்கே சிக்னல் எவ்வளவு என்று பதிவு செய்துவருவது அவன் வேலை. அந்தப் பதிவுகளை ஓடவிட்டு வீடியோ பிளேயரைச் சோதிப்பது அவள் வேலை. சிக்னல் விழுந்தால் படத்தை மங்கலாக்கியாவது ஓட்ட வேண்டும், ஏறினால் தெளிவாக்க வேண்டும். நடுவில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றக் கூடாது. இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஒரு மாடி முழுக்க ஆட்கள்.

பதினேழாம் பதிவு அவன் கடைசியாகப் போன பாதை. அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் பிளேயரில் யார் எதைத் திருத்தினாலும் எல்லாப் பதிவுகளும் மறுபடி ஓடும். அதனால் தினமும் இரண்டு தடவையாவது ஊர்சுத்தி வீட்டிலிருந்து கிளம்பினான். திரையில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தால் அவன் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறான். தெளிந்து உடனே மங்கினால் மருந்துக்கடைத் திருப்பம். பிறகு படம் ஒரேயடியாகப் பளிச்சென்று ஆகும். சிக்னல் கோடு பதினொரு நிமிடம் ஏறக்குறைய ஆடாமல் அசையாமல் நேராகப் போகும். ஓடுகிற போனுக்குத்தான் சிக்னல் ஆடும். அங்கேதான் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது. பதினோராவது நிமிடம் அந்த வழியே வந்த முதல் ஆள், கீழே கிடந்த போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட, பதிவு நின்றது.

அன்று அந்தக் கோட்டை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். பார்த்து என்ன செய்தாள்? சந்தோஷப்பட்டாள். எங்கேயோ நிழலில் ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்து, "லைன் சூப்பர். அங்கேயே இரு, நகராதே" என்று செய்தி அனுப்பினாள். பாவி, ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்கலாம்.

அடிபட்ட கணமே உயிர் போய்விட்டது, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள்.

இந்த வாரம் புதிதாக வந்த குழுத்தலைவர் அந்தப் பதினொரு நிமிடத்தை வெட்டச் சொன்னார். இவ்வளவு நல்ல சிக்னலில் எந்த உதவாக்கரை பிளேயரும் பாஸாகிவிடும், நேரம்தான் தண்டம் என்றார். விஷயம் தெரிந்தவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். அவள் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள்: அந்த நேர்க்கோட்டின் ஒன்பதாம் நிமிடத்தில் நாலு வினாடி மட்டும் சின்ன இறக்கம் ஒன்று இருக்கிறது, நெட்வொர்க் கோளாறு, சோதனைக்கு அது வேண்டும்.

போன் கம்பெனியிலிருந்து மாறி வந்த ஆன்டெனாக்காரர் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கும் அந்த விபத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

"இது நெட்வொர்க் இல்லைங்க. யாரோ போனைக் கையில எடுத்திருக்காங்க. விரல் ஆன்டெனாவை மூடினா இப்படித்தான் விழும். எடுத்துப் பார்த்துட்டு விட்டுட்டாங்க."

இறக்கத்தின் மேல் நேரம் எழுதியிருந்தது. காலை பதினொன்று பதினாலு. அவள் தன் போனைத் திறந்தாள். அழிக்காமல் வைத்திருந்த அந்தச் செய்தியின் கீழே அதே பதினொன்று பதினாலு.

வெட்டலாமா என்று குழுத்தலைவர் மறுபடி கேட்டார்.

"வெட்டாதீங்க," என்றாள்.

மதியம் யாரோ எதையோ திருத்தினார்கள். ஊர்சுத்தி வீட்டிலிருந்து கிளம்பினான். மேம்பாலம் தாண்டினான், மருந்துக்கடையில் திரும்பினான், படம் பளிச்சென்று ஆனது. இந்தத் தடவை அவள் அவன் எண்ணைக் கூப்பிட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நிமிடம் படம் நாலு வினாடி மங்கி, தெளிந்தது. அவன் படித்துவிட்டான். அவள் சொன்னபடியே, அதற்கப்புறம் நகரவில்லை.