ஓட்டுநராக வந்தவன்

தெமூலனுக்கு ஐந்து வயதாகிவிட்டது. பிறந்த முடியை இந்தக் கோடையில் எடுத்தே ஆக வேண்டும். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் ஏதோ ஒரு சலூனில் உட்கார வைத்து எடுக்கிற சமாச்சாரமா அது? அப்பாவழித் தாத்தாவின் கூடாரத்தில், சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு கற்றை வெட்டி வாழ்த்திக் கொடுக்க வேண்டும். பையனுக்கு முடி இடுப்பைத் தொட்டது. பஸ்ஸில் ஏறினால் "பாப்பா பேர் என்ன?" என்று கேட்காத ஆளில்லை. அவனும் 'நான் பையன்!' என்று சளைக்காமல் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டுக்கொண்டு வந்தான்.

அதனால் வசந்தம் தொடங்கியதிலிருந்தே நோர்ஜ்மா பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் செவெல், சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் ஏறி நின்று வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடும்.

"மாவு கொண்டு வா! டீக்கட்டி கொண்டு வா! மாமாவுக்கு முட்டிவலித் தைலம்! ஆத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள வந்து சேருங்க. கேக்குதா?"

"கேக்குது அத்தை!"

"என்னது?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட நோர்ஜ்மா, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்று, அடுக்களையில் அவள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஜோரிக். மின்சார வேலை செய்கிறவன். இலையுதிர் காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள்.

"சொல்லிடு நோர்ஜ்மா. இல்லேன்னா நான் சொல்றேன்" என்றான் அவன்.

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான்! முதல்ல முடி எடுக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப நான் யாராம்?"

"வாடகை வண்டி ஓட்டிக்கிட்டு வந்த டிரைவர்."

ஜோரிக்குக்குச் சிரிப்பு வந்தது. இரவல் வாங்கிய ரஷ்ய வேனில் அவன் கியர் போட்டால் தெருநாய்கள் ஓடிவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டான்.

அவள் பயம் சும்மா வந்ததல்ல. புருஷன் சோட்னம் ஆற்றுப் பனி உடைந்து லாரியோடு போனான். அந்தச் சாவு வீட்டில் செவெல் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எங்க பேரனை எங்ககிட்ட விட்டுட்டு நீ எங்க வேணாப் போ." மூன்று வருஷமாகிவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நோர்ஜ்மாவின் நெஞ்சுக்குள் மட்டும் அது முள்ளாகக் கிடந்தது. இன்னொருத்தனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால், அந்தப் பேச்சு மறுபடி வராது என்பதற்கு என்ன நிச்சயம்? தாயில்லாமல் வளர்ந்த அவளுக்கு அம்மா என்று இருந்ததும் அந்த செவெல்தான். பையனும் வேண்டும், அவளும் வேண்டும். எதைக் கொடுத்துவிட்டு எதை எடுப்பது?

இரண்டு பகல் ஓட்டம். தார் ரோடு முடிந்து மண் தடம் வந்து, மண் தடமும் புல்லுக்குள் கரைந்துபோன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையாக அந்தக் கூடாரம் தெரிந்தது.

"நாயைப் பிடிங்க!" என்று, கூடாரத்துக்கு வருகிறவர்கள் குரல் கொடுக்கிற வழக்கப்படி, வேனிலிருந்தே கத்தினாள் நோர்ஜ்மா. நாயை யாரும் பிடிக்கவில்லை. செவெல் ஓடிவந்து பேரனை அள்ளிக்கொண்டாள். மாமனார் கொம்போ வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வர்ற சத்தம் அந்த மேட்டுக்கு அப்பாலேருந்தே கேட்டுச்சு. தம்பிதான் டிரைவரா?"

"ஆமாங்க ஐயா."

"இவன் டிரைவர்னா நான் பந்தயக் குதிரை ஓட்டுற பொடியன்" என்று முனகிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

ஜோரிக் மேற்குப் பக்கம், விருந்தாளிகளின் இடத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உப்புப் போட்ட பால் டீ வந்தது. ஆட்டுக்கறி வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே? நல்லாச் சாப்பிடு" என்றாள் செவெல். உள்ளே கட்டில் இருக்கிறது என்று அவள் சொல்லியும், "இல்ல அத்தை, அவர் வண்டியிலயே படுத்துப்பார்" என்று நோர்ஜ்மா முந்திக்கொண்டாள். ஜோரிக் போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

விடிந்ததும் பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வர வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. பையன் பிறந்தது நாய் ஆண்டு. அதற்குப் பொருந்துகிற புலி ஆண்டிலோ குதிரை ஆண்டிலோ பிறந்தவர்தான் முதல் கற்றையை வெட்ட வேண்டும். அதற்கென்று சொல்லி வைத்திருந்த உறவுக்காரர், ஆற்றில் தண்ணீர் ஏறி அக்கரையில் மாட்டிக்கொண்டார். கொம்போ ஒவ்வொருவராகக் கேட்டார். ஒன்று பன்றி, ஒன்று முயல், இரண்டு பாம்பு.

"நல்ல நேரம் போயிடும்" என்று புலம்பியவரின் கண் கதவுப் பக்கம் போனது. "தம்பி, உனக்கு என்ன ஆண்டு?"

ஜோரிக் நோர்ஜ்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"குதிரைங்க ஐயா" என்றான் அவன். இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"பாத்தியா! வானமே அனுப்பி வெச்சிருக்கு. வா, வா, இப்படி வா."

நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்தார்கள். தெமூலன் தாத்தா மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். ஜோரிக் அவன் முன்னால் மண்டியிட்டான். முடியை விரலால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த இடது காதை மட்டும் யாரும் இழுத்துடாதீங்க. குளிர்காலத்துல சீழ் வெச்சு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. பால் கிண்ணத்தோடு நின்ற செவெல் அவன் பக்கம் திரும்பினாள்.

"குளிர்காலத்துல நீ எங்கப்பா இருந்தே?"

"அவன்கூட ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன் அம்மா."

அடுப்பில் வறட்டி படபடத்து எரிந்தது. நோர்ஜ்மா தலை குனிந்திருந்தாள். இப்போது அந்தப் பேச்சு வரும், இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

"முதல்ல வெட்டு" என்றார் கொம்போ. "எடுத்த கத்தரியைக் கீழ வைக்கக் கூடாது."

அவன் வெட்டினான். பிறகு எல்லோரும் வெட்டினார்கள், வாழ்த்தினார்கள். செவெலும் வெட்டினாள். பேரன் கன்னத்தை முகர்ந்தாள். பிறகு பால் வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

நோர்ஜ்மா பின்னாலேயே போனாள். செவெல் பெட்டைக் குதிரையின் அருகே பால் கறக்க ஒரு முழங்காலை ஊன்றியிருந்தாள். குட்டி பக்கத்தில் நின்றால்தான் தாய் பாலை இறக்கும். நோர்ஜ்மா போய்க் குட்டியைப் பிடித்து நிறுத்தினாள். மருமகளாக வந்த நாளில் இந்த மாமியார் கற்றுக்கொடுத்த வேலை.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துலேருந்து அத்தை."

"அடிப்பானா? குடிப்பானா?"

"ஐயோ, இல்ல."

"அப்புறம் ஏன்டி அவனை வண்டியில படுக்க வெச்சே? ராத்திரி என்ன காத்து! வீடு தேடி வந்தவனை வெளியில படுக்க வெச்சவங்கன்னு எங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்துட்டியே, பாவி!"

"பயம் அத்தை. 'பையனை விட்டுட்டு எங்க வேணாப் போ'ன்னு அன்னிக்குச் சொன்னீங்க."

செவெலின் கை நின்றது. குதிரை காலை மாற்றி வைத்தது.

"அந்த ஒத்தை வார்த்தையையா இவ்வளவு நாள் சுமந்துக்கிட்டிருந்தே? பிள்ளையைப் பறிகொடுத்தவ வாயில அன்னிக்கு நல்ல வார்த்தையாடி வரும்?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "நீ வேற எவனையாவது கட்டிக்கிட்டு இந்தப் பக்கமே வராமப் போயிடுவேன்னு நான் பயந்துக்கிட்டிருக்கேன். இவ என்னடான்னா என்னைக் கண்டு பயப்படறாளாம்!"

குட்டியைப் பிடித்தபடியே நோர்ஜ்மா வாய்விட்டு அழுதாள். மாமியார் அவளைத் தேற்றவில்லை. மீதிப் பாலைக் கறந்தாள்.

கூடாரத்துக்குப் பின்னாலிருந்து கொம்போவின் குரல் கேட்டது. "அழுது முடிச்சாச்சா? இங்க ஆள் வேணும்!"

போய்ப் பார்த்தார்கள். கிழவரும் ஜோரிக்கும் பழைய சாமான் போட்டு வைத்திருந்த மாட்டுவண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளிச் சுருள்கள், மடக்கி வைத்த மரப் பின்னல் சுவர்கள், ஆரஞ்சு நிறக் கதவு. நோர்ஜ்மாவுக்கு அந்தக் கதவைத் தெரியும். சோட்னத்தின் கல்யாணத்துக்குப் போட்ட கூடாரம். அவள் மணப்பெண்ணாக நுழைந்த வீடு.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூடாரம் போட்டுக் குடுக்கணும். உனக்கு யார் இருக்காங்கன்னு இவன்கிட்ட கேட்டேன். யாருமே இல்லேங்கறான்" என்றார் கொம்போ, அவளைப் பார்க்காமல். "அப்ப நான்தானே போடணும்? எப்ப வந்தாலும் இது உங்க வீடு."

வந்திருந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். கதவைத் தெற்கு பார்த்து நிறுத்தி, பின்னல் சுவரை வட்டமாக விரித்துக் கட்டினார்கள். கூரை வளையத்தைத் தாங்கும் இரண்டு தூண்களையும் கொம்போ நடுவில் நின்று பற்றிக்கொண்டார். வீட்டுக்காரன் நிற்கிற இடம் அது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் அவர் மகன் நின்றான். பிறகு தூண்களை விடாமலேயே ஓர் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"வா, வந்து பிடி" என்றார் ஜோரிக்கிடம். "நான் பிடிக்கக் கூடாது. வீட்டுக்காரன்தான் பிடிக்கணும்."

ஜோரிக் உள்ளே போய்த் தூண்களை வாங்கிக்கொண்டான். பிடித்துப் பழக்கமில்லாததால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்தது. செவெல் முதல் கூரைக் கழியை எடுத்து அதன் துளையில் செருகினாள்.

"நல்லா நிமிர்த்திப் பிடிடா, மகனே" என்றாள்.

சோட்னம் போன பிறகு அந்தச் சொல்லை அவள் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை.