எட்டு வரிசை

என் அக்கா செல்வராணியின் முழங்காலில் வெட்டியெடுத்த குருத்தெலும்பின் செல்கள், அவள் செத்து ஒன்பது நாள் ஆன பிறகும் என் ஆய்வகத்தில் உயிரோடு இருந்தன. கேட்பவர்களுக்குப் பேய்க்கதை போலத் தோன்றும். இல்லை, இது என் வேலை.

ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி உதவியாளர். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் குப்பைக்குப் போகும் எலும்பு முனைகளை, நோயாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் வாங்கி வருவோம். அதில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சீவி, செல்களைப் பிரித்து, குடுவையில் வளர்ப்போம். பிறகு அவற்றின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவோம். தேய்ந்த மூட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் நடக்கும் சேதத்தை அது சில மணி நேரத்தில் செய்துவிடும். இரும்புக்குத் துரு எப்படியோ, செல்லுக்கு அது. அதற்கு முன்னால் ஹயலுரோனானைக் கொடுத்து வைத்தால் செல் தப்புமா என்பதுதான் எங்கள் கேள்வி. ஹயலுரோனான் வெளிநாட்டு அதிசயம் ஒன்றுமில்லை. நம் மூட்டு நீரிலேயே இருக்கிற வழவழப்பான பொருள்தான். மூட்டு தேயத் தேய அதுவும் நீர்த்துப்போகிறது.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டு நின்றுகொண்டே வேலை பார்த்தவள். மாசாயில் நாலாவது மாடியில் வீடு. லிஃப்ட் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தது அந்த இரண்டு கால்கள்தான். நான் பட்டம் வாங்கிய அன்று, மண்டபப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கி வந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்த வாயில் மண்ணைப் போட.

அறுவைக்கு முதல் நாள் படிவம் வந்தது.

“அலமாக், நாய்கூட திங்காத எலும்பு. இதுக்கு மூணு பக்கம் கையெழுத்தா?” என்றாள் அக்கா. போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்தாள். “ஷாமு, யாருக்காச்சும் உபயோகப்படணும் லா. சும்மா வீசிறாத. இந்த முட்டியால நான் பட்டது போதும். இன்னொருத்தி படக்கூடாது.”

அறுவை நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்தாள். ஆறாம் நாள் காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தது. காப்பி வாங்கி வரச்சொன்னாளாம். அவள் கணவர் சபாபதி அத்தான் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அக்கா போய்விட்டாள்.

எரித்தோம். சாம்பலைக் கடலில் கரைத்தோம். ஒன்பதாம் நாள் நான் ஆய்வகத்துக்குப் போனேன். குடுவையில் பெயர் போடக்கூடாது, எண் மட்டும்தான். அது யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் அக்காவுக்கு அறுவை நடந்த அன்றைக்கு வந்தது ஒரே ஒரு முழங்கால். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடுவை நிறைய அக்கா. வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

எங்கள் தலைவர் டாக்டர் மோகனதாஸ் வந்து நின்றார். அவருக்கும் தெரியும்.

“இந்தச் சோதனைய லோஷினிய செய்யச் சொல்லவா?” என்றார். லோஷினி என்னோடு வேலை பார்ப்பவள்.

“வேணாம் சார். என் அக்காவ வேற யாரும் தொட வேணாம்.”

கொஞ்சம் தயங்கி, “இப்படியே வெச்சுக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

“வெச்சா வளரும், ஷாமளா. ஆனா பெருகப் பெருக அது குருத்தெலும்பு செல்லா இருக்காது. வேற எதுவோ ஆயிடும். செய்யறதுன்னா இப்பவே செய்யணும்.”

தேய்ந்த மூட்டில் செல் கொஞ்சம்தான் கிடைக்கும். அக்காவுடையது ஒரே ஒரு தட்டுக்குத்தான் வந்தது. தட்டில் எட்டு வரிசைக் குழிகள். மேல் நான்கு வரிசைக்கு ஹயலுரோனான் விடவேண்டும். கீழ் நான்கு வரிசைக்கு ஒன்றும் விடக்கூடாது. பிறகு எட்டுக்கும் பெராக்சைடு. கீழே இருப்பவை செத்தால்தான், மேலே இருப்பவை எதனால் பிழைத்தன என்று சொல்ல முடியும். இதை இரண்டு டஜன் மாணவர்களுக்காவது நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான்கு வரிசையை முடித்தேன். கை நிற்கவில்லை.

கீழே இருப்பதும் அக்காதானே? ஒரு பாதிக்குப் போர்வை, மறுபாதிக்கு வெறும் நெருப்பா? இருபத்தாறு ஆண்டு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தேய்ந்தவளை, செத்த பிறகும் நான் அப்படியே நிறுத்தி வைப்பதா? ஐந்தாம் வரிசைக்கு விட்டேன். ஆறு, ஏழு, எட்டு. அறிவு வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் பெராக்சைடு விட்டு, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். எட்டு வரிசையிலும் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் மோகனதாஸ் எண்களை இரண்டு முறை பார்த்தார். “கீழ ஏன் சாகல?”

“எட்டுக்கும் குடுத்துட்டேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ ஒப்பிட எதுவுமே இல்ல. மருந்து காப்பாத்துச்சா, பெராக்சைடு கெட்டுப்போயிருந்துச்சா, யாருக்குத் தெரியும்? இத வெச்சு ஒரு வரி எழுத முடியாது, ஷாமளா.”

குடுவையில் எதுவும் மிச்சமில்லை. எண்ணி முடித்த தட்டை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. குளோரின் விட்டு, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினேன். யாருக்காவது உபயோகப்பட வேண்டும் என்றாள். அவள் சொன்ன ஒன்றே ஒன்று. அதை அவள்மேல் வைத்த பாசத்தாலேயே நான் கெடுத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் மாசாய் வீட்டில். படத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பிடித்த நெத்திலி சம்பாலும் காப்பியும் வைத்திருந்தார்கள். ஆட்கள் கலைந்ததும் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஷாமு, அவ குடுத்தாளே, அது உபயோகப்பட்டுச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆனாலும் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

“பாதி செத்தாத்தான் மீதிக்கு மதிப்பா?”

“ஆமா அத்தான்.”

“சாகுற பாதிக்கு வலிக்குமா?”

“வலிக்காது. செல்லுக்கு வலி கிடையாது.”

“அது உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

அவர் அக்காவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“வலின்னா அவ தாங்கிக்குவா, ஷாமு. வீணாப் போறதத்தான் அவளால தாங்க முடியாது.”

அத்தான் திட்டவில்லை. எழுந்து போய் எனக்கு இலை போட்டு, சோறு வைத்தார். “சாப்பிடு” என்றார். நான் சோற்றில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருந்தேன்.